நாலரை மணி வண்டி

தீயணைப்பு வண்டிகள் இரண்டையும்
வெளியே பனியில் நிறுத்திவிட்டு
அவை நின்ற இடத்தில் மேசை போட்டிருக்கிறோம்.
தரையில் டீசல் கறை.
சுவர்க் கொக்கிகளில் தலைக்கவசங்கள்,
உள்ளே வருகிற எல்லோரையும் பார்த்தபடி.

வடக்கு மின்னசோட்டா, நவம்பர், செவ்வாய்.
மற்ற நாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்;
இன்று, பட்டியலில் பெயர் இல்லாதவர்களின் மேசை
என்னுடையது.

காலையிலிருந்து எத்தனையோ காகிதம் பார்த்தாயிற்று.
மின்கட்டண ரசீது, காபி சிந்திய வாடகை ஒப்பந்தம்,
கைபேசியில் விரலால் பெரிதாக்கிக் காட்டிய தண்ணீர் பில்.
போன வாரம் குடிவந்த நர்ஸ் ஒருத்தி
பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை என்று
என்னிடம் எதற்கோ மன்னிப்புக் கேட்டாள்.
பதினெட்டு முடிந்து மூன்றே நாளான பையனுக்குக்
கையெழுத்து என்று ஒன்று இன்னும் அமையவில்லை.
யோசித்துவிட்டுப் பெயரையே
முத்து முத்தாக எழுதிக் கொடுத்தான்.

ஏழு இருபதுக்கு டுவேன் கொச்செவார்.
தொப்பியைக் கழற்றினான், போட்டான், கழற்றினான்.
செப்டம்பரில் வெளியே வந்தவன்;
எதிலிருந்து என்று இந்த ஊரில் யாரும்
யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.
ஒரு கராஜுக்கு மேலே அறை. ரொக்கமாய் வாடகை.
அவன் பெயரில் மின்சாரம் இல்லை, கேஸ் இல்லை,
கடிதம் போடுகிற ஆளும் இல்லை.
அடையாள அட்டையில் இருந்தது
விட்டுப்போன மனைவியின் முகவரி.

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் உறுதிமொழி.
இப்போது சிறையில் இல்லை என்று ஒரு வரி.
'இப்போது' மேல் அவன் விரல் நின்றது.
நான் பேனாக்களை அடுக்கினேன்,
ஏற்கெனவே அடுக்கியிருந்த பேனாக்களை.

"இந்தச் சாவடிக்கு உட்பட்ட ஒருவர்
உங்களுக்காகச் சத்தியம் செய்தால் போதும்.
நீங்கள் குடியிருப்பது தெரிந்தவராக இருக்கவேண்டும்."

"தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை," என்றான்.
"சொல்லத்தான்..."
முடிக்கவில்லை.

சட்டையில் சிவப்பு ஸ்டிக்கரோடு
கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த
லவோன் நீமி நின்றாள்.
கராஜுக்கு அடுத்த வீட்டுக்காரி.
அவன் வண்டியின் சைலன்சர் பற்றி
நகராட்சிக்கு இரண்டு கடிதம் எழுதியவள்.

"இவன் அங்கேதான் இருக்கிறான்,"
என்றாள் என்னிடம், அவனைப் பார்க்காமல்.
"தினம் காலை நாலரைக்கு அந்தச் சனியனைக் கிளப்புகிறான்.
ஞாயிற்றுக்கிழமைகூட.
என் ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது.
எங்கே கையெழுத்துப் போடவேண்டும்?"

நேரடியாக அறிவேன் என்று
சாட்சிப் பத்திரத்தில் அச்சடித்திருக்கும்.
ஒரு மனிதனை இவ்வளவு நேரடியாக அறிந்தவரை
இந்த மேசையில் நான் கண்டதில்லை.
அன்பு என்று சொல்லிவிட வேண்டாம்,
அவளே சண்டைக்கு வருவாள்.
அழுத்திய அழுத்தத்தில்
அடுத்த தாளிலும் அவள் பெயர் பதிந்தது.

"நீ யாருக்குப் போடுவாய் என்று தெரியும்."

"அதெல்லாம் இங்கே பேசக்கூடாது, லவோன்."

"அதனால்தான் அதோடு நிறுத்துகிறேன்."

அவன் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள்
கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.
தடுப்புக்குப் பின்னால் அவன் வெகுநேரம் நின்றான்.
பூட்ஸ் மட்டும் தெரிந்தது,
பனி உருகிச் சுற்றிலும் ஒரு சின்னக் குட்டை.
எட்டு மணிக்கு ஆறு நிமிடம் இருக்கையில்
தாளை இயந்திரம் இழுத்துக்கொண்டது.
ஸ்டிக்கர் கொடுத்தேன்.
எங்கே ஒட்டுவது என்று தெரியாமல்
தொப்பியில் ஒட்டிக்கொண்டான்.

கதவைச் சாத்திவிட்டு
இன்று புதிதாகச் சேர்ந்த பெயர்களை எண்ணினேன்.
இருபத்தேழு, இருபத்தெட்டு.
வெளியே அவன் வண்டி இருமி, இருமி, உறுமியது.
கொக்கிகளில் தலைக்கவசங்கள் நடுங்கின.
எண்ணிக்கை தவறி
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

லவோன் செய்தது
பொய்ச் சத்தியமில்லை.